நரை இல்லாத புலவரும் கணக்கில் வராத முதியவரும்

ஞாயிற்றுக்கிழமைகளில் நீலசந்திராவில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். பிசிராந்தையார் கதையை நடத்தியபோது ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கும்போது, பார்க்காத ஒருத்தருக்காக ஏன் உயிரை விட்டாரு?" நட்பு என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அது போதாத பதில் என்று அப்புறம்தான் உறைத்தது.

கதை நமக்குத் தெரிந்ததுதான். பெற்ற மக்களே பகையாகிவிட, உறையூரில் வடக்கிருந்தான் கோப்பெருஞ்சோழன். பாண்டிநாட்டுப் புலவரான ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்றான். அவரும் வந்தார், கூடவே இருந்து உயிர் துறந்தார். நட்பு அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர் இவர்களைத்தான் எடுத்துக்காட்டினார். பாரதிதாசன் இந்தக் கதையை நாடகமாக்கினார். அதற்கு 1969-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

பாடப்புத்தகத்தை இன்று சிலர் பால்புதுமை நோக்கில் வாசிக்கிறார்கள். இவர்கள் காதலர்கள் என்று தீர்ப்புச் சொல்வதல்ல அந்த வாசிப்பு. அப்படிச் சொல்லச் சான்றும் இல்லை. கணவன், மனைவி, மக்கள் என்ற கட்டங்களில் அடங்காத உறவை நூல் எப்படிக் காட்டுகிறது, உரையாசிரியரும் வாத்தியாரும் அதை எந்தச் சொல்லால் மூடுகிறார்கள் என்று அது கேட்கிறது. ஒரே புலவர் புறநானூற்றில் தரும் இரண்டு பதில்களைப் பாருங்கள். இத்தனை வயதாகியும் நரை இல்லையே என்று சான்றோர் கேட்டபோது மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று காரணம் அடுக்குகிறார் (191). சோழன் பெயர் அதில் இல்லை. உம் அரசன் யார் என்று கேட்டாலோ, பாண்டிநாட்டில் இருந்துகொண்டே சோழனைச் சொல்கிறார் (212). கேள்வி மாறினால் ஆளே மாறுகிறார்!

இந்த நரைக் கேள்வியை இன்று வேறு விதமாகக் கேட்கிறார்கள். நம் இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்வதை இலக்காகக் கொண்டது. நாடு முழுவதும் 72,000-க்கு மேற்பட்டவர்களை முதல் சுற்றில் சந்தித்த 'லாசி' ஆய்வின் அறிக்கை 2021-இல் வந்தது. இவ்வகை ஆய்வுகளுக்குப் பெரிய தலைவலி, பாதியில் விட்டுப்போகிறவர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. பத்து முதியவர்களிடம் பத்துச் சொற்கள் சொல்லி, நினைவிருப்பதைக் கேட்கிறோம். ஐந்து பேர் 8 சொற்கள், ஐந்து பேர் 4. சராசரி 6. மூன்று வருஷம் கழித்து எல்லோருக்குமே ஒன்று குறைந்து 7, 3 ஆகிவிட்டது. உண்மைச் சராசரி 5. ஆனால் நினைவு குறைந்த ஐவரில் நால்வர் வரவில்லை. வந்த ஆறு பேரின் சராசரி 6.3! எல்லோருக்கும் நினைவு குறைந்திருக்க, கணக்கு மட்டும் கூடியிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் 1956-இல் தொடங்கிய ஆய்விலும், விலகியவர்கள் தொடக்கத்திலேயே குறைந்த மதிப்பெண் பெற்றவர்களாக இருந்தார்கள்.

இதற்கு மருந்து உண்டு. விட்டுப்போனவரைப் போன்ற வயது, படிப்பு, வருமானம் உள்ளவர் தொடர்ந்து வந்தால், அவர் பதிலுக்குக் கூடுதல் எடை தருவார்கள். இறந்தவரைப் பற்றி நெருங்கியவரிடம் கேட்பார்கள். ஆனால் முதல் நாள் படிவத்தில் எழுதாத ஒன்றுக்கு எடை போட முடியாது.

எங்கள் தெருவில் இரண்டு பெரியவர்கள் நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் வேலூர்ப் பக்கம், மற்றவர் தங்கவயல். என்ன உறவு என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு ஆய்வுக்காக வந்தவர்கள் இருவரையும் "திருமணம் ஆகாதவர்" என்று குறித்துக்கொண்டு போனார்கள். அடுத்த முறை வந்தபோது வேலூர்க்காரர் இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல ஊரிலிருந்த அண்ணன் மகனைத் தேடிப்பிடித்தார்கள். அவனுக்குச் சித்தப்பா என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதே தெரியாது. கஞ்சி வைத்து, கடைசி மாதங்களில் பெயர் மறந்ததையும் பார்த்தவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். "என்னை யாருன்னு எழுதுவீங்க தம்பி?" என்று கேட்டார். "தெரிஞ்சவர்னு போட்டுக்கலாம் ஐயா" என்றான் பையன். இனி வர வேணாம் என்று கதவைச் சாத்திவிட்டார். ஏட்டில் அவர் "பங்கேற்க மறுத்தவர்".

அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் ஞாயிறு 191, 212 இரண்டையும் அச்செடுத்து அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.