தேனீக்குத் தேனீ மாறும் நொதிகள்

பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வருவது தேன் அல்ல, சர்க்கரை கரைந்த நீர். அதை வற்றவைப்பதோடு தேனீயின் வேலை முடிவதில்லை. வேலைக்காரத் தேனீயின் தலைச் சுரப்பிகளிலிருந்து வரும் நொதிகளும் அதில் சேரவேண்டும்.

அவற்றில் இன்வெர்டேஸ், சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. கூடு திரும்பும் வழியில் தேன்பையிலேயே இந்த வேலை தொடங்கிவிடும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ், குளுக்கோஸில் சிறு பகுதியை குளுக்கோனிக் அமிலமாக்குகிறது. தேனின் புளிப்புக்கு அதுவே முக்கியக் காரணம். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. முற்றிய தேனில் ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும் இந்த நொதி, நீர் கலந்ததும் வேலையைத் தொடங்கும். ஈரம் கசியும் புண்ணில் தேன் தடவினால் கிருமிகள் ஒடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 1937-இல் ஜெர்மனியில் 'இன்ஹிபின்' என்று பெயரிடப்பட்ட கிருமிநாசினி இந்தப் பெராக்சைடுதான் என்பதை, அமெரிக்க வேதியியலாளர் ஜொனாதன் ஒயிட்டின் குழு 1960-களின் தொடக்கத்தில் காட்டியது.

மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, இத்தாலியத் தேனீ எல்லாவற்றுக்கும் இந்த நொதிகள் பொது, அளவுதான் மாறும்.

மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேஸைத்தான் ஆய்வுக்கூடங்கள் தேடுகின்றன. தேனைக் காய்ச்சினாலும் நெடுநாள் வைத்தாலும் அது குறையும். 60 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரே நாளில் பாதியாகிவிடும். அதனால் கோடெக்ஸ் பன்னாட்டுத் தரநிலை, பொதுவாக டயஸ்டேஸ் எண் 8-க்குக் குறையக்கூடாது என்கிறது. இயல்பிலேயே நொதி குறைந்த தேன்களுக்கு மட்டும் 3 வரை விலக்கு உண்டு.

கொசுத்தேனீயிடம் இந்த அளவுகோல் பொருந்துவதில்லை. கொடுக்கில்லாத இந்த இனம், மெழுகும் பிசினும் குழைத்துக் கட்டிய சிறு குடங்களில் தேனைச் சேர்க்கிறது. நீர்ச்சத்து பெரும்பாலும் 25 விழுக்காட்டைத் தாண்டும். பல கொடுக்கில்லா இனங்களின் தேனில் டயஸ்டேஸ் மிகக் குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் அன்று எடுத்த தேனும் கெட்டதாகத் தோன்றும். இது அந்தத் தேனுக்கு இழைக்கும் அநீதி.

பல கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனில் சர்க்கரையே வேறு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வேறு விதமாகப் பிணைந்த டிரெஹலுலோஸ் அதில் மிகுதியாக இருப்பதை 2020-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இரத்தத்தில் மெதுவாகச் சேரும் சர்க்கரை இது. கொசுத்தேனீயின் உறவான ஆஸ்திரேலிய இனத்துக்குச் சர்க்கரைக் கரைசலை ஊட்டிப் பார்த்தபோதும் டிரெஹலுலோஸ் கிடைத்தது. ஆகவே அது பூவில் ஊறி வருவதல்ல, தேனீ செய்வது.

மலேசியா 2017-லேயே கொடுக்கில்லாத் தேனீயின் 'கெலுலுட்' தேனுக்குத் தனித் தரநிலை வகுத்து, 35 விழுக்காடு வரை நீர்ச்சத்தை ஏற்றுக்கொண்டது.