பழைய அம்பாசிடரில் துரு: பட்டி பூசினால் போதுமா?

நம் ஊர்களில் சில வீடுகளின் கொட்டகைகளில் அம்பாசிடர் கார் ஒன்று இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அத்தாவோ பெரியத்தாவோ வாங்கியது. மாப்பிள்ளை ஊர்வலத்திற்கும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்கும் தெருவுக்கே உதவிய வண்டி. அதை விற்க மனம் வருவதில்லை. ஆனால் கதவின் அடிப்புறத்திலும் மட்கார்டு விளிம்பிலும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாய் எழும்பி நிற்கிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், “பட்டி போட்டு ஸ்ப்ரே அடித்துவிடலாம் பாய், புதுசு மாதிரி ஆகிவிடும்” என்கிறார் டிங்கர். அந்தச் சொல்லுக்குத் தலையசைக்கும் முன் சில செய்திகளை நீங்கள் அறிந்திருத்தல் நலம்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பதுபோல் தனியான சேஸிஸ் ஒன்றின் மீது உடலை ஏற்றி வைத்த அமைப்பு அம்பாசிடருக்கு இல்லை. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கூடே இதன் எலும்பு. எனவே மட்கார்டில் துரு விழுந்தால் அழகு கெடும். கதவுக்குக் கீழுள்ள அந்தப் பெட்டியில் துரு விழுந்தால் வண்டியின் உறுதியே கெடும். இவ்விரண்டையும் ஒரே பட்டியால் மூடுவது, சிரங்குக்கும் எலும்புருக்கிக்கும் ஒரே களிம்பைத் தடவுவதற்கு ஒப்பாகும்.

இரும்பும் நீரும் உயிர்வளியும் சேருமிடத்தில் துரு பிறக்கிறது. உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உள்ள வண்டிகள் உள்நாட்டு வண்டிகளைவிட முன்னதாகவே இற்றுப்போவதன் காரணம் இதுவே. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் உப்புகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு பரவியிருக்கக்கூடும். ஏனெனில் பெரும்பாலும் அது உள்ளிருந்து வெளியே வந்ததாகும். கதவுக் கண்ணாடியின் ரப்பர் வழியே இறங்கும் மழைநீர், கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளால் வெளியேற வேண்டும். புழுதியும் பழைய பெயின்ட்டும் அத்துளைகளை அடைத்துவிட்டால், கதவுக்குள் ஒரு குளமே தேங்கி நிற்கும்.

ஆகவே முதல் வேலை பெயின்ட் அடிப்பதன்று, தேடுவது. தரை விரிப்பை எடுத்துவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். முன், பின் கண்ணாடிகளின் ரப்பர் ஓரங்களையும் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தையும் விடவேண்டாம். ஐயம் எழும் இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சற்று அழுத்துங்கள். நல்ல தகடு எதிர்த்து நிற்கும். இற்ற தகடு முறுக்குப் போல நொறுங்கும். பட்டறைக்காரர் வருத்தப்படுவாரே என்று தயங்க வேண்டியதில்லை.

துரு மேற்பரப்பில் மட்டும் இருந்தால் பணி எளிது. கொப்புளத்தைச் சுற்றி நல்ல பெயின்ட் வரும் வரை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி போல் மின்னும் தகட்டைக் காணவேண்டும். குழி குழியாய் அரித்திருந்தால், கம்பித் தூரிகைக்கு எட்டாத கரும்புள்ளிகள் எஞ்சும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகள் அவற்றில் வேலை செய்யும். டேனின் கலந்த மாற்றிகளும் கிடைக்கின்றன. இவை துருவைக் கருநீலப் படலமாக மாற்றிவிடும். மாசிக்காயையும் அன்னபேதியையும் கூட்டிப் பழங்காலத்தில் எழுதுமை காய்ச்சினார்கள் அல்லவா? அந்த மையின் கருமைக்கும் இப்படலத்தின் கருமைக்கும் காரணம் ஒன்றே. அமிலத்தைப் பயன்படுத்தினால், டப்பாவில் சொல்லியவாறு கழுவி, நன்கு உலர்த்தி, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். நம் காற்றில் ஓர் இரவு விட்டாலும் வெறுந்தகடு மீண்டும் செம்மை பூத்துவிடும்.

ஓட்டை விழுந்த இடத்திற்கு மருந்து இல்லை, அறுவைதான். உறுதியான தகடு வரும் வரை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள தகட்டை அளவாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கின் வெப்பம் மெல்லிய தகட்டை நெளியச் செய்யும். மிக் வெல்டிங்கில் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று வைத்து, இடையிடையே ஆறவிட்டுச் செய்பவரே நல்ல தொழிலாளி. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டாங்க்கோ குழாயோ அருகில் இருந்தால், டாங்க்கைக் கழற்றி வெளியே வைக்காமல் தீயைப் பக்கத்தில் கொண்டுவர விடாதீர்கள். காலியான டாங்க் என்று அலட்சியம் வேண்டாம். ஆவி நிறைந்த காலி டாங்க்தான் வெடிப்பது. கதவோ மட்கார்டோ முழுதும் போய்விட்டிருந்தால், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடிப் பார்க்கலாம்.

இனி பட்டிக்கு வருவோம். பட்டி கெட்ட பொருளன்று. அதன் இடம் கடைசி இடம். சுத்தமான தகட்டில் எஞ்சும் சிறு மேடு பள்ளங்களை நிரவுவதற்கே அது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பூச நேர்ந்தால் தகடு இன்னும் சரியாகத் தட்டப்படவில்லை என்று பொருள். பட்டி நீரை உறிஞ்சும். ஆதலால் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்த கையோடு அதன்மேல் பெயின்ட் அடித்தால், ஈரத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டியவர்களாகிறோம். பட்டியை உலர்ந்த தாளால் தேய்ப்பதே சிறந்தது. சாதாரணச் சாம்பல் நிறப் பிரைமரும் ஈரத்தைத் தடுப்பதில்லை. ‘பணம் சேர்ந்ததும் பெயின்ட் அடிக்கலாம்’ என்று பிரைமரோடு மழைக்காலம் முழுதும் நிறுத்திய வண்டி, செய்த வேலையனைத்தையும் இழந்துவிடும். எபாக்ஸி பிரைமர் சற்று விலை கூடியது. ஆயினும் செலவைக் குறைக்க வேண்டிய இடம் அதுவன்று.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை முற்றத்தில் வைத்து உலர்ந்த நிலையில் தேய்த்தால், எழும் தூசு பிள்ளைகளின் கைவழியே வாய்க்குள் செல்லும். கருவுற்ற பெண்களுக்கும் அது கேடு. பழைய பெயின்ட்டை நீர்விட்டே தேய்க்கச் சொல்லுங்கள்; வீட்டிலிருந்து விலகிய இடமே அதற்கு ஏற்றது.

அரசு விதிகளையும் நினைவில் கொள்ளவேண்டும். சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைச் சோதித்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெருமை வாகனமாகப் பதிய 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் உடற்கூட்டிலோ சேஸிஸிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் இயலாது. எனவே வெட்டி ஒட்டுபவரிடம் பழைய வடிவம் மாறாமல் செய்யுமாறு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பதும் பயன்படும்.

பழைய வண்டியை வாங்க நினைப்பவர், சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். தகட்டில் கவ்வும் காந்தம், கனத்த பட்டியின் மேல் நழுவும். விற்பவருக்கோ பொறுப்பு அதிகம். பொருளின் குறை மறைக்கப்பட்டிருந்தால் திருப்பித் தரும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்ற தலைப்பில் விரித்துரைக்கின்றன. கதவுக்குக் கீழே இற்றுப்போன பெட்டியைப் பட்டியால் மெழுகி விற்கும்போது, அதில் ஏறப்போவது ஒரு குடும்பம்.

வேலை முடிந்த வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் இறுக மூடாதீர்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும். காற்றோட்டமுள்ள கொட்டகையே ஏற்றது. கடற்கரைச் சாலையில் சென்று வந்தால் சக்கர வளைவுகளின் உட்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவுக்குள்ளும் அடிப்பெட்டிக்குள்ளும் மெழுகு கலந்த எண்ணெய் பீய்ச்சச் சொல்லுங்கள். பட்டறைகளில் ஊற்றும் கழிவு எஞ்சின் ஆயில் ரப்பரைக் கெடுக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திற்கு முன்பும் கதவடித் துளைகளை ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்.