பெட்டி வாங்க அவசரப்பட வேண்டாம்: நாடு திரும்பியோருக்குத் தொலைக்காட்சி பற்றிய விளக்கம்

தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கியிருக்கும் குடும்பங்கள் பல, வீடும் பிள்ளைகளின் பாடசாலையும் ஒழுங்கான பிறகு கேட்கும் கேள்வி இது: "அங்கே அரசாங்கம் செட்-டாப் பெட்டியை இலவசமாகத் தந்தது. இங்கேயும் தருமா? இல்லையென்றால் நாங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?"

சுருக்கமான பதில்: இந்தக் கையேடு எழுதப்படும் வேளையில் இலங்கையில் மானிய விலையிலோ இலவசமாகவோ அரசாங்கம் அப்படி ஒரு பெட்டி வழங்கவில்லை. உள்ளூர் தமிழ் ஒளிபரப்புகளைப் பார்க்க அது தேவையும் இல்லை. கையிலுள்ள பணத்தை முதலில் வேறு தேவைகளுக்கு வைத்திருங்கள்.

அங்கிருந்து பெட்டியைக் கொண்டுவரலாமா?

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 செப்டெம்பரிலிருந்து தன் சந்தாதாரர்களுக்குச் செட்-டாப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அந்தப் பெட்டி அந்த நிறுவனத்தின் கேபிள் வலையமைப்பில் மட்டுமே இயங்கும். கொழும்பில் அதை எந்த வயரில் இணைத்தாலும் படம் வராது. அது நிறுவனத்தின் உடைமையும்கூட. எனவே புறப்படுமுன் உங்கள் கேபிள்காரரிடம் பெட்டியையும் ரிமோட்டையும் ஒப்படைத்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு வாருங்கள். விமானப் பொதியில் அந்த எடைக்குப் பிள்ளைகளின் புத்தகங்களைக் கொண்டுவரலாம்.

தொலைக்காட்சியைக் கொண்டுவந்தால் இங்கே வேலை செய்யுமா?

பெரும்பாலும் வேலை செய்யும். இரு நாடுகளிலும் மின்சாரம் 230 வோல்ட். பழைய ஒளிபரப்பு முறையும் இரண்டிலும் 'பால்' எனப்படும் ஒரே முறைதான். தொலைக்காட்சியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று அலைவரிசைகளை மீண்டும் தேடச் செய்யுங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால், ஒலி முறையை 'பி/ஜி' என மாற்றிப் பாருங்கள்.

பிளக் பொருந்தாமல் போகலாம். இங்கே புதிய வீடுகளில் சதுர முனைகள் கொண்ட 13 அம்பியர் பிளக் பொயின்ற்களே உள்ளன. வயரின் முனையை உரித்து நேரடியாகத் துளைக்குள் செருகாதீர்கள், அது உயிராபத்து. தரமான அடப்ரர் ஒன்றை வாங்குங்கள், அல்லது மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பிளக்கை மாற்றுங்கள்.

கொழும்பில் எதைப் பார்க்கலாம்?

கூரையில் பொருத்தும் சாதாரண அன்டெனா ஒன்று போதும். சக்தி, சுயாதீன தொலைக்காட்சியின் வசந்தம், ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் நேத்ரா ஆகியவற்றில் தமிழ்ச் செய்திகளை மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குடியிருப்போர், மொட்டைமாடியில் ஏற்கெனவே பொது அன்டெனா இருக்கிறதா என்று முகாமைக் குழுவிடம் முதலில் கேளுங்கள். தனியாகப் பொருத்துவதென்றாலும் அனுமதி பெறுங்கள்.

கூடுதல் அலைவரிசைகள் வேண்டுமானால் டயலொக், பியோ ரீவி போன்ற கட்டணச் சேவைகள் உண்டு. இணையுமுன் மாதக் கட்டணத்தையும், இணைப்பை நிறுத்தினால் பெட்டியைத் திருப்பித் தரவேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிஜிட்டல் மாற்றம் எப்போது?

இலங்கை 2014இல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி முறையைத் தெரிவுசெய்தது. ஆனால் திட்டம் பல ஆண்டுகள் தாமதமாகிவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து தெரியும் தாமரைக் கோபுரம் ஒளிபரப்பையும் நோக்கமாகக் கொண்டே கட்டப்பட்டது. 2022 செப்டெம்பரில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கோபுரம் திறந்துவிட்டதால் பழைய ஒளிபரப்பு நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

புதிய தொலைக்காட்சி வாங்கும்போது "டிஜிட்டல்" என்ற ஒட்டுத்தாளை மட்டும் நம்பாதீர்கள். உலகில் பல டிஜிட்டல் முறைகள் உள்ளன. ஒரு முறைக்கான கருவி மற்றொன்றைப் பெறாது. "ஐ.எஸ்.டி.பி.-ரி உண்டா?" என்று கேளுங்கள். இல்லாத ஒன்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

அமெரிக்கா பழைய ஒளிபரப்பை 2009 ஜூன் 12இல் நிறுத்தியது. அதற்கு முன் ஒரு வீட்டுக்கு இரண்டு வீதம், 40 டொலர் பெறுமதியான கூப்பன்களை அரசாங்கம் தபாலில் அனுப்பியது. கூப்பன் 90 நாட்களில் காலாவதியாகும். தாமதித்த பலருக்கு அது பயன்படாமல் போனது. ஜப்பானில் 2011 ஜூலை 24 இறுதி நாள். ஆனால் அவ்வாண்டு மார்ச்சில் நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்களுக்கு 2012 மார்ச் 31 வரை அவகாசம் கிடைத்தது. இடம்பெயர்ந்தோரின் நிலை அங்கே கவனிக்கப்பட்டது.

இங்கே உதவி எந்த வடிவில் வரும் என்பது அறிவிக்கப்படவில்லை. எனினும் நம் நாட்டில் அரச உதவிகள் பெரும்பாலும் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகவே வருகின்றன. வாடகை வீட்டில் இருந்தாலும், உறவினர் வீட்டில் இருந்தாலும், உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் குடும்பத்தைப் பதிவுசெய்யுங்கள். வீடு மாறினால் மீண்டும் சென்று அறிவியுங்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்காக மட்டுமல்ல, வாக்காளர் பதிவு போன்ற முக்கியமான பலவற்றுக்கும் இது தேவை.

பணம் கேட்டு யாராவது வந்தால்

"அரசாங்கப் பெட்டிக்குப் பெயர் பதிகிறோம்" என்று சொல்லி முற்பணமோ அடையாள அட்டையின் பிரதியோ கேட்டால் கொடுக்க வேண்டாம். அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்தை அழைத்து, அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா எனத் தமிழிலேயே கேட்கலாம். அக்கம்பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கும் இந்த இலக்கத்தைச் சொல்லிவையுங்கள்.