மன்னிக்கும் உரிமை யாருக்கு?



ஐயம்பேட்டையில் தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் ஒருவரை நீதிமன்றம் அழைத்து, "இவர் கொலைகாரரா, இல்லையா? நீங்களே கூறுங்கள்" என்று கேட்பதாக எண்ணிப் பாருங்கள். அதுதான் ஜூரி முறை. சட்டம் கற்காத பொதுமக்கள் சிலர் வழக்கைக் கேட்டு முடிவுரைப்பர். ஆங்கிலேயர் கொண்டுவந்த அம்முறையை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கைவிட்டது.

குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் ஜூரிகள் மனமிரங்கி விடுவித்துவிட்டால்? லண்டனில் 1670இல் அப்படி நடந்தது. வழிபாட்டுக் கூடம் பூட்டப்பட்டதால் தெருவில் நின்று சமய உரையாற்றிய வில்லியம் பென்னைத் தண்டிக்க ஜூரிகள் மறுத்தனர். உணவின்றி அடைத்து வைத்தும் அவர்கள் இணங்கவில்லை. அபராதம் செலுத்த மறுத்துச் சிறை சென்ற புஷெல் என்பவரின் வழக்கில்தான், அளித்த முடிவுக்காக ஜூரியைத் தண்டிக்கலாகாது என்பது நிலைபெற்றது. கூடித் தொழுவதன் அருமை அறிந்த நமக்கு அம்மனிதர்கள் மீது மதிப்புத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் அதே அதிகாரத்தின் மறுபக்கத்தைப் பம்பாய் கண்டது. கடற்படை அதிகாரி நானாவதி, தம் மனைவியோடு தொடர்பு கொண்டிருந்த பிரேம் அஹூஜாவை 1959 ஏப்ரல் 27 அன்று சுட்டுக் கொன்றார். கைகலப்பில் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்பது அவர் தரப்பு வாதம். 'பிளிட்ஸ்' வார இதழ் அவரை வீரராகவே சித்திரித்தது. ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர், அவர் குற்றவாளி அல்லர் என்றனர்.

இங்கிலாந்தாயின் வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் இங்கே, ஜூரியின் முடிவு நீதிக்குப் புறம்பானது எனக் கருதும் நீதிபதி, உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பலாம் என்று அன்றைய சட்டத்தின் 307ஆம் பிரிவு கூறியது. நீதிபதி மேத்தா அவ்வாறே செய்தார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1961 நவம்பரில் அதனை உறுதி செய்தது.

அந்த எண்மர் காட்டியது இரக்கமாகவே இருக்கட்டும். அதைக் காட்டும் உரிமையை அவர்களுக்கு யார் தந்தது? கொலையுண்டவரின் வாரிசுகளிடமே மன்னிக்கும் உரிமையை ஒப்படைக்கிறது நம் ஷரீஅத். நம் ஜமாஅத் பஞ்சாயத்துகளிலும், "போனது போகட்டும்" என்று பெரியவர்கள் முடித்து வைக்கும்போது, பாதிக்கப்பட்டவர் பல நேரம் வாசலில்தான் நிற்கிறார்!

நானாவதிக்கு மன்னிப்பு பின்னர் கிடைக்கவே செய்தது. 1964இல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவரை விடுவித்தார். அதற்கு முன்னர், கொல்லப்பட்டவரின் சகோதரி மேமி அஹூஜாவிடம் எழுத்துமூலம் சம்மதம் பெறப்பட்டிருந்தது.