பூம்பாறை மூடுபனியும் காந்த ஊசியும்

கொடைக்கானலினின்று ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில் மலைச்சரிவில் அமைந்த அழகிய சிற்றூர் பூம்பாறை. பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் காண வருவோர் பலர். அவருள் மலைவழி நடப்போர்க்கு, மூடுபனி இறங்கி எதிரிலுள்ள மரமும் மறையுங்கால், நம்புதற்குரிய துணை திசைகாட்டியே. ஆயின் அதன் ஊசியைத் திரிக்கும் பகையை அவரே தம் சட்டைப் பையில் சுமந்து செல்கின்றனர்.

புவியின் காந்தவிசை மிக மெல்லியது. கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும், பணப்பையின் மூடியிலும் உள்ள சிறு காந்தங்கள், ஊசிக்கு மிக அருகில் வருமாயின், அவ்விசையினும் பன்மடங்கு வலியுடையன. மின்சாரம் பாயும் கம்பியும் ஊசியை அசைக்கும் என்பதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் அயர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்தார்.

இதன் விளைவைப் பம்பாய் நகரம் நன்கறிந்தது. கொலாபாவில் நெடுங்காலமாகப் புவிக்காந்தத்தை அளந்துவந்த ஆய்வுக்கூடம் ஒன்றிருந்தது. நகரத்து டிராம் வண்டிகளை மின்சாரத்தால் இயக்கத் திட்டமிட்டபோது, அம்மின்னோட்டம் அளவைகளைக் கெடுக்கும் என்றஞ்சி, 1904-இல் கடலுக்கு அப்பாலுள்ள அலிபாக்கில் புதிய நிலையம் நிறுவினர். அதன் கட்டடத்தில் இரும்பு புகாமற் காத்தனர். ஒரு நகரத்து வண்டிக்கு அஞ்சி ஓர் ஆய்வுக்கூடமே இடம்பெயர்ந்ததெனின், நம் கையடக்கக் கருவியை அற்பமென்று எண்ணலாமோ?

ஊசி தாறுமாறாய்ச் சுழலுமாயின் எவரும் ஐயுறுவர். சிறிதே விலகி, அசையாது நிற்கும் ஊசிதான் கொடியது. 10 பாகை பிழைத்த திசையில் 1 கிலோமீட்டர் நடந்தவர் 170 மீட்டருக்கு மேல் விலகிவிடுவார். மலைமுகட்டில் அது வேறொரு பள்ளத்தாக்கிற் கொண்டுபோய் விடும். மேலும், பையிலுள்ள காந்தம் நடப்பவரோடு தானும் திரும்புதலால், கிழக்கு நோக்கிச் செல்கையில் நேரும் பிழையும் மேற்கு நோக்கி மீள்கையில் நேரும் பிழையும் ஒன்றாகா. ஆதலின் ஒருமுறை கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளவும் இயலாது.

நம் மலைக்கு ஒரு நற்பேறும் உண்டு. பழனிமலைத் தொடர் காந்த நடுக்கோட்டிற்கு அருகிலுள்ளது; ஊசியைக் கிடைமட்டமாய் இழுக்கும் விசை இங்கே இங்கிலாந்திற் காண்பதைவிட ஏறக்குறைய இருமடங்கு. அங்கே 20 பாகை திரிக்கும் காந்தம் இங்கே 10 பாகையளவே திரிக்கும். கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காந்த அளவைகள் எடுக்கப்பெற்றமைக்கு இவ்விடச் சிறப்பும் பொருந்தியதே.

சிறு காந்தத்தின் வலி, தொலைவு இரட்டித்தால் எட்டிலொன்றாய்க் குறையும். ஆதலால் கைப்பேசியை முதுகுப் பையிலிட்டு, திசைகாட்டியை மார்பினின்று விலக்கிப் பிடித்தல் பெரும்பாலும் போதும். புறப்படுமுன் ஊசியைத் தரையில் வைத்து, உடன்கொண்ட பொருள்களை ஒவ்வொன்றாய் அருகே நகர்த்திப் பார்த்தால் குற்றவாளி வெளிப்படும். திசைகாட்டியையும் கைப்பேசியையும் ஒரே பையில் நெடுநாள் அடைத்துவைத்தலோ இன்னும் தீது. ஊசியின் முனைகளே மாறி, வடக்கைத் தெற்கெனக் காட்டுதலும் உண்டு. கைப்பேசிக்குள் அமைந்த திசைகாட்டியும் காந்தத்தை உணர்ந்தே இயங்குவது. காந்த மூடியிட்ட உறைக்குள் அதனை வைத்திருப்போர், உறையைக் கழற்றிய பின்னரே அதனிடம் வழி கேட்டல் வேண்டும்.