கைபேசிச் செய்தியும் தனியுரிமைக் காப்பும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது பலமனேர். சுடுமண் கலைப்பொருள்களுக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது ஆகிய மொழிகள் அன்றாடம் ஒலிக்கின்றன. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பலமனேர் சித்தூர் மாவட்டத்திலேயே நீடித்து, ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாக விளங்குகிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் வாழும் உழவரும் கூலித் தொழிலாளரும் ஒரு சான்றிதழுக்காக ஒரு நாள் வருவாயை இழந்து அலுவலக வாயிலில் காத்திருப்பது நெடுங்கால வழக்கம்.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் ஆந்திர அரசு 2025 ஜனவரி 30-ஆம் நாள் ‘மன மித்ர’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ‘நம் நண்பன்’ என்பது இத்தெலுங்குப் பெயரின் பொருள். வாட்ஸ்அப் செயலி வழியாக முதற்கட்டத்தில் 161 அரசுச் சேவைகள் வழங்கப்பட்டன. அவ்வாண்டுப் பொதுத்தேர்வு எழுதிய மாணவர்கள் தேர்வு நுழைவுச் சீட்டையும் இவ்வழியே பெற்றனர்.

உறவினருடன் உரையாடுவதற்காக நிறுவப்பட்ட செயலி, இவ்வாறு அரசு அலுவலகத்தின் ஒரு வாயிலாகவும் ஆகிவிட்டது. ஆகவே அதனை முறையாக அமைத்துக்கொள்வது பொழுதுபோக்கு அன்று. குடிமக்களின் உரிமையோடும் உடைமையோடும் தொடர்புடையதாகும்.

உறையிட்ட கடிதம், திறந்த கதவு

வாட்ஸ்அப் செயலியில் 2016 முதல் தனிப்பட்ட செய்திகள் முழுமையாக மறைக்குறியாக்கம் செய்யப்பட்டே அனுப்பப்படுகின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி, இடையிலுள்ள எவரும், அந்நிறுவனமுங்கூட, தனிப்பட்ட செய்தியின் உள்ளடக்கத்தைப் படித்தல் இயலாது. இது நன்கு ஒட்டப்பட்ட கடித உறைக்கு ஒப்பாகும்.

ஆனால் உறை ஒட்டப்பட்டிருப்பதால் வீட்டுக் கதவும் பூட்டப்பட்டிருப்பதாகக் கருதுதல் தவறு. ஒருவருடைய முகப்புப் படம், அவர் செயலியைக் கடைசியாகப் பயன்படுத்திய நேரம், அவரை எக்குழுவில் யார் சேர்க்கலாம் என்பன போன்றவற்றை மறைக்குறியாக்கம் காப்பதில்லை. அவை பயனாளர் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளைச் சார்ந்தவை. பயனாளர் எதையும் தேர்ந்தெடுக்காவிடில், நிறுவனம் முன்கூட்டியே வகுத்த ஏற்பாடே நடைமுறையில் இருக்கும். மறைக்குறியாக்கம் எல்லாச் செயலிகளிலும் ஒரே தன்மையதும் அன்று. டெலிகிராம் செயலியில் ‘இரகசிய உரையாடல்’ என்பதைத் தனியே தேர்ந்தெடுத்தால் மட்டுமே இத்தகைய முழுமையான காப்புக் கிடைக்கும்.

நிறுவும் நாளிலேயே செய்யத்தக்கவை

பல இல்லங்களில் கைபேசியை விற்ற கடைக்காரரே செயலியையும் நிறுவிக் கொடுத்து விடுகிறார். இது உதவியே எனினும், பூட்டையும் சாவியையும் உரிமையாளரே அறிந்திருத்தல் வேண்டும். செயலியைக் கைபேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே பெற வேண்டும். பதிவின்போது வரும் ஆறிலக்க எண்ணை எவரிடமும் கூறலாகாது. அவ்வெண்ணைப் பெற்றவர் அக்கணக்கையே கைப்பற்றி விடலாம்.

அடுத்து, ‘அமைப்புகள்’ பகுதியில் ‘கணக்கு’ என்பதன்கீழ் உள்ள இரு-படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆறிலக்கக் கடவு எண் ஒன்றை அமைக்க வேண்டும். பதிவு எண் பிறர் கைக்குப் போயினும், இந்த இரண்டாவது பூட்டு கணக்கைக் காக்கும். பிறந்த ஆண்டையோ கைபேசி எண்ணின் பகுதியையோ இதற்குப் பயன்படுத்துதல் கூடாது.

பின்னர் ‘தனியுரிமை’ பகுதியில் முகப்புப் படம், கடைசியாகப் பார்த்த நேரம், நிலைத்தகவல் ஆகியவற்றை ‘எனது தொடர்புகள்’ என்ற அளவில் நிறுத்தலாம். குழுக்களில் சேர்க்கும் உரிமையையும் அவ்வாறே வரையறுக்க வேண்டும். 2019 ஏப்ரலில் அறிமுகமான இவ்வசதி, முன்பின் அறியாதோர் நடத்தும் முதலீட்டுக் குழுக்களிலும் சூதாட்டக் குழுக்களிலும் ஒருவர் தம் விருப்பமின்றிச் சேர்க்கப்படுவதைத் தடுக்கிறது. அறியாத எண்களின் அழைப்பை ஒலியின்றி நிறுத்தும் வசதியையும் இயக்கிக்கொள்ளலாம். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியை அவ்வப்போது பார்வையிடுதல் நலம். தாம் அறியாத கணினி அங்குக் காணப்பட்டால் உடனே அதனை வெளியேற்ற வேண்டும்.

வேண்டாத விளம்பரங்கள்

விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்த பின்னரும் செய்திச் செயலியில் விளம்பரங்கள் வருகின்றனவே என்று பலர் வியப்பதுண்டு. இதற்குக் காரணம் எளிது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், தொலைபேசி நிறுவனங்களின் வழியே செல்லும் குரல் அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கட்டுப்படுத்துகின்றன. செயலிச் செய்தி இணையத் தரவாகச் செல்வதால், அப்பதிவு இதனை எட்டுவதில்லை. எனவே தடுப்பைச் செயலியின் உள்ளேயே மேற்கொள்ள வேண்டியுள்ளது.

இங்கு மூவகை விளம்பரங்களைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, வணிக நிறுவனங்கள் நேரடியாக அனுப்பும் செய்தி. அந்த உரையாடலைத் திறந்து, தடுக்கவும் புகாரளிக்கவும் இயலும். புகாரளிக்கும்போது, அந்த எண்ணிலிருந்து கடைசியாக வந்த ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குச் செல்லும் என்பதை அறிந்திருத்தல் நலம். இரண்டாவது, ‘புதுப்பிப்புகள்’ பகுதியில் இடம்பெறும் விளம்பரம். இவ்வேற்பாட்டை நிறுவனம் 2025 ஜூன் மாதத்தில் அறிவித்தது. தனிப்பட்ட உரையாடல்களின் நடுவே இவை தோன்றுவதில்லை. மூன்றாவது, விளம்பரம் போலவோ அரசு அறிவிப்புப் போலவோ வரும் மோசடி. உதவித்தொகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் கூறி, ஒரு கோப்பை நிறுவுமாறு அது தூண்டும். ஏபிகே என்று முடியும் அத்தகைய கோப்பைத் தொடலாகாது. பணம் இழந்தோர் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சட்டத்தின் துணை

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதனைத் தொடர்ந்து, எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. தரவைப் பெறுமுன் நிறுவனங்கள் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்க இச்சட்டம் வழி செய்கிறது. தமிழும் தெலுங்கும் அவற்றுள் அடங்கும். இசைவு அளிப்பது எவ்வளவு எளிதோ, அதனைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும் என்பது இச்சட்டத்தின் சிறந்த கூறு.

இசைவு என்பது பெயரளவினதாக இருத்தல் கூடாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. வாட்ஸ்அப் 2021-இல் கொணர்ந்த தனியுரிமைக் கொள்கையை ஏற்குமாறு பயனாளர்களைக் கட்டாயப்படுத்தியது தொடர்பாக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. விளம்பர நோக்கில் தரவைப் பகிர்வதற்கு ஆணையம் விதித்த ஐந்தாண்டுத் தடையை 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நீக்கியதாயினும், தண்டத்தை உறுதி செய்தது.

அலுவலர் பொறுப்பு

அரசு அலுவலர்களுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. பயனாளிகளை ஒரே குழுவில் சேர்க்கும்போது, அனைவருடைய கைபேசி எண்ணும் ஒருவருக்கொருவர் தெரிந்து விடுகிறது. கைம்பெண் ஓய்வூதியம் பெறும் மகளிரின் எண்கள் அவ்வாறு வெளிப்பட்டால் விளையக்கூடிய தொல்லை சிறிதன்று. இதற்கு மாற்றாக ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தலாம். அதில் பெறுவோர் ஒருவரையொருவர் அறிவதில்லை. எனினும் அலுவலரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்க்கே அச்செய்தி சேரும். ஆதார் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் குழுவில் பதிவிடுமாறு கேட்பது அறவே தவிர்க்கத்தக்கது.

மாணவர்களும் தம் பங்கை ஆற்றலாம். வீட்டிலுள்ள முதியோரின் கைபேசியில் மேற்கூறிய அமைப்புகளைச் செய்து கொடுப்பதோடு நில்லாமல், அவை எதற்காக என்பதையும் அவர்தம் தாய்மொழியில் விளக்குதல் வேண்டும். காரணம் அறிந்தவரே, மறுநாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஆறிலக்க எண்ணைக் கேட்கும்போது மறுக்கும் துணிவைப் பெறுவார். அரசுச் சேவை கிராமத்துக் கைபேசிக்கு வந்து சேர்ந்தது ஒரு முன்னேற்றம். அக்கைபேசியின் கதவை யாருக்குத் திறப்பது, யாருக்கு மூடுவது என்று அதன் உரிமையாளரே முடிவு செய்யும் நிலை உருவாகும்போதுதான் அம்முன்னேற்றம் முழுமை பெறும்.