முகமூடி வீரனும் முறிந்த மொழியும்

பிள்ளைகள் கேட்டும் பார்த்தும் வளரும் கதைகளே அவர்களுடைய முதற்பள்ளிக்கூடம் என்பதை யாவரும் அறிவர். அன்று அப்பள்ளிக்கூடம் பாட்டியின் மடியிலும் கூத்துக் களரியிலும் நடந்தது. இன்று தொலைக்காட்சிப் பெட்டியிலும் கைத்தொலைபேசியிலும் நடக்கின்றது. நல்லவன் யார், தீயவன் யார் என்பதை எந்தக் கதையும் வெளிப்படையாகவே கற்பித்துவிடும். யாருடைய பேச்சுக்கு மதிப்பு, யாருடைய பேச்சு சிரிப்புக்குரியது என்னும் பாடத்தையோ மறைவாகவே புகட்டும். பெற்றோர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பாடத்தையே. இதற்குத் தக்க சான்றாக, தொலைக்காட்சி தவழத் தொடங்கிய காலத்தில் அமெரிக்கச் சிறுவரை ஆட்கொண்ட கௌபோய்த் தொடர் ஒன்றைச் சற்று ஆராய்வோம்.

குதிரை வீரர்களின் வருகை

1949ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆம் நாள் 'ஹொப்பலோங் கசிடி' என்னும் குதிரை வீரன் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தோன்றினான். அவ்வாண்டு செப்ரெம்பர் 15ஆம் நாள் 'லோன் ரேஞ்சர்' என்னும் முகமூடி வீரன் வந்தான். ஜீன் ஓட்ரி 1950இலும், ரோய் ரோஜர்ஸ் 1951இலும் பின்தொடர்ந்தனர். 1950இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு ஒன்பதிலேயே தொலைக்காட்சி இருந்தது. பத்தே ஆண்டுகளில் அத்தொகை நூற்றுக்கு எண்பத்தைந்தைக் கடந்தது. ஹொப்பலோங் கசிடியின் படம் ஒட்டிய மதிய உணவுப் பெட்டி, 1950இல் வெளியான முதலாண்டிலேயே ஆறு இலட்சம் விற்றது என்பர். பாடசாலைக்குச் சோறு கட்டிச் செல்லும் பெட்டியிலும் வீரன் ஏறி அமர்ந்துவிட்டானெனில், பிள்ளைகளின் உள்ளத்திலே அவன் பெற்றிருந்த இடத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் பெரியகல்லாறு போன்ற ஊர்களில், அதற்கு முன் வரவுத்தருவோடு களரியில் இறங்கும் கூத்து அரசர்களே சிறுவர்களின் வீரர்களாக விளங்கினர். லோன் ரேஞ்சரின் வரவுக்கும் தனி இசை உண்டு. இத்தாலிய இசையறிஞர் ரொசினி 'வில்லியம் டெல்' என்னும் இசைநாடகத்துக்கு அமைத்த முகப்பிசையின் குதிரைப் பாய்ச்சல் போன்ற பகுதியே அது. அவ்விசை எழுந்ததும், 'சில்வர்' என்னும் வெள்ளைக் குதிரைமேல் வீரன் பாய்ந்து வருவான்.

உயிர் தந்த தோழன்

இவ்வீரன் பிறந்தது வானொலியிலே. 1933இல் டெட்ரோயிட் நகர நிலையம் ஒன்றிலிருந்து அவன் கதை ஒலிபரப்பாயிற்று. வீரன் தனித்தவன், ஆனால் வானொலியிலே தனியாள் எவருடன் பேசுவான்? ஆகவே, தொடர் தொடங்கிச் சில வாரங்களுக்குள் அவனுக்கு ஒரு தோழனைப் படைத்தார்கள். 'செவ்விந்தியர்' என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட அமெரிக்க ஆதிக்குடியைச் சேர்ந்த அத்தோழனே டொன்டோ.

தொலைக்காட்சியில் கதை இவ்வாறு தொடங்குகின்றது. டெக்சாஸ் மாநிலக் காவற்படையினர் அறுவரைக் கொள்ளையர் கூட்டம் ஒரு மலையிடுக்கில் வளைத்துச் சுடுகின்றது. ஐவர் மாண்டனர். குற்றுயிராய்க் கிடந்த ஆறாமவனை அவ்வழியே வந்த டொன்டோ கண்டு, காயத்துக்கு மருந்திட்டுக் காப்பாற்றுகின்றான். கொள்ளையர் ஐயுறாதிருக்க ஆறு சவக்குழிகளையும் அவனே தோண்டுகின்றான். இறந்த தமையனின் மேற்சட்டையில் வெட்டிய துணியே வீரனின் முகமூடியாயிற்று. எனவே டொன்டோ இல்லையேல் கதையும் இல்லை, வீரனும் இல்லை. ஆயினும் அடுத்த எட்டு ஆண்டுகள், இருநூற்றிருபத்தொரு பகுதிகள் கொண்ட தொடரில், உயிர் தந்தவன் துணைவனாகவே குதிரையில் பின்னே வருகின்றான்.

இலக்கணம் யாருக்கு?

இத்தொடரை எழுதுவோருக்கு வகுக்கப்பட்ட விதிகள் பாராட்டத்தக்கவை. வீரன் மது அருந்தலாகாது, புகைத்தலாகாது. கொல்லும் நோக்கத்தோடு சுடலாகாது. எதிரியின் கையிலுள்ள ஆயுதம் விழச் சுட்டாற் போதும். அவனுடைய வெள்ளிக் குண்டு, உயிர் விலைமதிப்புள்ளது என்பதை அவனுக்கு நினைவூட்டுவதற்காக அமைந்தது. கொச்சைச் சொல் அவன் வாயில் வருதல் கூடாது. அவனுடைய இலக்கணம் எப்போதும் தூயதாயிருத்தல் வேண்டும் என்பதும் ஒரு விதி. பிள்ளைகள் பார்க்கும் கதையில் இத்தகைய கட்டுப்பாடு இருந்ததை எந்தப் பெற்றோரும் வரவேற்பர்.

ஆனால் அத்தூய இலக்கணம் தோழனுக்கு வழங்கப்படவில்லை. டொன்டோ 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'என்னை' என்பான், வினைச்சொற்களைத் தேய்ப்பான், வாக்கியங்களைப் பாதியில் முறிப்பான். 'டொன்டோ' என்னும் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் 'மூடன்' என்று பொருள். அதனால் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அப்பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. நீதியையும் நட்பையும் கற்பித்த அதே அரைமணி நேரம், ஒருவனுக்குத் தூய மொழியும் மற்றவனுக்கு முறிந்த மொழியும் இயல்பென்று இலட்சக்கணக்கான சிறுவர்க்கு வாரந்தோறும் கற்பித்துவிட்டது.

டொன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் 1912இல் பிறந்த மோஹோக் இனத்தவர். நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்திலுள்ள ஆதிக்குடியிருப்பே அவர் பிறந்த இடம். லக்ரோஸ் என்னும் பந்தாட்டத்திலும் குத்துச்சண்டையிலும் பெயர் பெற்று, அதன்பின் திரைக்கு வந்தவர். தெளிவான ஆங்கிலம் பேசிய அம்மனிதர், நடிப்புக்காக நாவை ஊனமாக்கிக்கொண்டு பேசினார். 1960களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ஆதிக்குடி இளைஞர்க்கு நடிப்புப் பயிற்சி அளிக்கும் பட்டறை ஒன்றை அவர் நிறுவினார். தம் இனத்தவர் வேடங்களைத் தம் இனத்தவரே ஏற்று நடிக்கும் நாள் வரவேண்டும் என்பதற்கு அவர் ஆற்றிய தொண்டு அது. 1979இல் ஹொலிவூட் நடைபாதையில் அவர் பெயரால் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. மறு ஆண்டே அவர் காலமானார்.

தமிழுக்கு வந்த கௌபோய்

தமிழ்ச் சிறுவர்க்கும் கௌபோய் அந்நியனல்லன். ஒளிப்பதிவாளர் கர்ணனின் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய படங்கள் 1972இல் வெளிவந்தன. சிவகாசியிலிருந்து அதே 1972இல் முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் புறப்பட்டன. லயன் வெளியிட்ட கௌபோய்க் கதைகளுள் முதன்மை பெற்றவன் டெக்ஸ் வில்லர். இத்தாலியில் 1948இல், அதாவது லோன் ரேஞ்சர் தொலைக்காட்சிக்கு வருவதற்கு ஓராண்டு முன், சித்திரக் கதையிலே பிறந்தவன் அவன்.

டெக்ஸ் வெள்ளையன், எனினும் நவஹோ குடியின் பெண்ணை மணந்து, அக்குடியின் தலைவனாகி, 'இரவுக் கழுகு' என்று அவர்களாலே பெயர் சூட்டப் பெற்றவன். ஆதிக்குடிகளின் நிலத்தையும் உயிரையும் பறிக்கும் வணிகரும் அதிகாரிகளுமே பல கதைகளில் அவனுக்குப் பகைவர். அங்கும் தலைமை வெள்ளையனுக்கே என்னும் குறை உண்டுதான். ஆயினும் இரண்டையும் படித்த மாணவன், ஒரே மண்ணைப் பற்றி இரு வேறு விதமாய்க் கதை சொல்ல இயலும் என்பதை உணர்வான்.

நம் கதைகளிலே

நம் இலக்கியத்தைத் திரும்பிப் பார்ப்போம். கங்கைக் கரையின் ஓடக்காரன் குகன், வேடர் தலைவன். அயோத்தி அரசகுமாரனுக்கு அவனும் வழித்துணைவனே. கம்பர் அவனுடைய நாவை முறித்தாரா? அரசர்க்கும் முனிவர்க்கும் அளித்த அதே செழுந்தமிழ் விருத்தத்தைக் குகனுக்கும் அளித்தார். இராமனும் அவனைத் தம்பியருள் ஒருவனாக ஏற்றான். வாவியிலே தோணி வலிக்கும் குடும்பத்துப் பிள்ளை அப்படலத்தை வகுப்பிலே படிக்கும்போது தலை நிமிர்ந்து அமரலாம்.

கூத்திலும் இம்மரபு உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தைப் புதுக்கி மேடையேற்றியபோது, அவற்றுள் ஒன்றுக்கு 'இராவணேசன்' என்று பெயர். பகைவனாகவே பலரும் அறிந்த இராவணனின் பக்கமிருந்து பார்த்த கூத்து அது. நம் மண்ணின் சி. மௌனகுரு அப்பாத்திரத்தை ஏற்று ஆடினார்.

இத்தனையும் இருந்தும் நாம் குற்றமற்றவரல்லோம். நாடகங்களில் சிரிப்பு மூட்டுவதற்கென்றே வட்டாரப் பேச்சு பேசும் வேலைக்காரனை நுழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வெளியூர் சென்ற நம் மாணவன் 'மறுகா' என்று வாய் திறந்ததும் சுற்றியிருப்போர் சிரிக்க, அதன்பின் அவன் பேச்சைச் சுருக்கிக் கொள்வதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், தமிழின் பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று எழுதியிருக்கின்றார். அவ்வாறிருக்க, அம்மாணவனின் வாயை அடைத்தது எது? மேடையும் திரையும் ஊட்டிய அந்த இரண்டாவது பாடமன்றோ?

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளைகளைக் கதை பார்க்க வேண்டாமென்று தடுத்தல் பயன்தராது. நீங்களும் உடனிருந்து பாருங்கள். கதை முடிந்ததும், வென்றவன் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாமல் இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இக்கதையில் யாருக்கு நல்ல மொழி கொடுத்தார்கள்? யாருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தோம்? அவனே கதை சொல்லியிருந்தால் எப்படித் தொடங்கியிருப்பான்? மூன்றாவது கேள்விக்கான விடையை மாணவர்கள் ஒரு பக்கத்திற்கு எழுதிப் பார்க்கட்டும். அதைத் தம் வீட்டிலே பேசும் தமிழிலேயே எழுதட்டும்.